உற்பத்தி நாடு என்ற கட்டம்

“‘உற்பத்தி நாடு’ என்ற கட்டத்தில், வாகனத்தின் அடிச்சட்டம் எந்நாட்டில் உருவாக்கப்பட்டதோ அந்நாட்டின் பெயரே குறிக்கப்படல் வேண்டும். பாகங்களாக இறக்குமதியாகி இந்நாட்டில் பொருத்தப்பட்ட வாகனங்கள் தொடர்பில் ஐயம் எழுமிடத்து, பரிசோதகர் தமது சொந்த அபிப்பிராயத்தைத் தவிர்த்து, தலைமையகத்தின் எழுத்துமூல அறிவுறுத்தலைப் பெற்ற பின்னரே அக்கட்டத்தை நிரப்புதல் வேண்டும்.”

விதி இதுதான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எவரும் கற்பித்திருக்க மாட்டார்கள். இப்போதைய படிவத்தில் அந்தக் கட்டமே கிடையாது. நான் மட்டும் அதை இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். வாகனப் பரிசோதகராக மட்டக்களப்பில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அதில் பெரும்பகுதி யுத்த காலம். சுற்றறிக்கைகளை இலக்கத்தோடு ஒப்புவிப்பவன் என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது. ஒரு விதியை நன்றாகத் தெரிந்தவன்தான் அதை நன்றாக மீறுவான். தெரியாதவன் மீறினால் அகப்பட்டுக்கொள்வான். நான் அகப்படவில்லை. இந்தக் கதையில் அகப்பட்டது வேறொருவர்.

முதலில் அந்தக் காலத்துக் கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறக்குமதிக்குத் தடை இருந்த வருடங்களில் கொழும்புப் பக்கத்தில் சில தொழிற்சாலைகள் முளைத்தன. யப்பானிலிருந்து பெட்டி பெட்டியாக எஞ்சின், கியர், அச்சு எல்லாம் வரும். இங்கே தகரம் ஒட்டி, கண்ணாடி போட்டு, வர்ணம் அடித்து, கார் என்று வெளியே விடுவார்கள். டயர் நம் நாட்டு றப்பர். ஆசனத்துக்குள் இருந்தது நம் நாட்டுத் தும்பு. இப்படிப் பூட்டிய காரை எந்த நாட்டுக் கார் என்பது? தொழிற்சாலைக்காரர் உள்நாட்டு உற்பத்தி என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனதும் யப்பான் கார் என்று சொன்னார்கள். விற்கும்போது இன்னும் உரக்கச் சொன்னார்கள்.

வாங்க வருபவர் முதலில் மட்காட்டில் விரல் முட்டியால் தட்டுவார். பிறகு கதவை அடித்துச் சாத்திக் காதைக் கொடுத்துக் கேட்பார். ‘டப்’ என்றால் யப்பான். ‘டங்’ என்றால் நம்முடையது. நாலு கதவையும் சாத்திப் பார்த்தால் இரண்டு யப்பானாகவும் இரண்டு இலங்கையாகவும் இருக்கும். அப்போது என்னைத் தேடி வருவார்கள். அரசாங்கம் எழுதிய சொல்லுக்குக் கதவின் சத்தத்தைவிட மதிப்பு அதிகம்.

தேற்றாத்தீவிலிருந்து சாமித்தம்பிப் போடியார் வந்ததும் அதற்காகத்தான். போடியார் என்றால் பெரிய வயற்காரர். வாவிக்கு அப்பால், படுவான்கரையில் அவருக்கு ஒரு வட்டை, ஒரு வயல்வெளி முழுவதும் இருந்தது. யுத்தத்தில் பாதி வருடம் அந்த வயலை அவர் கண்ணாலும் பார்க்கவில்லை. ஆனாலும் போடியார் போடியார்தான். ஒரே மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை விக்கினேஸ்வரன், பட்டணத்தில் கணித ஆசிரியர். அவர் எதுவும் கேட்கவில்லை. அவருடைய தாய்தான், சீதனத்தில் கார் ஒன்று இருக்குமென்றால் அது யப்பான் காராக இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

போடியார் ஓட்டமாவடித் தரகர் ஒருவரிடம் வெள்ளைக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். பழைய உடைமையாளர் இடம்பெயர்ந்த அமளியில் பதிவுப் புத்தகம் எரிந்துபோயிருந்தது. அப்படிப்பட்ட வாகனங்களுக்கு, புதுப் புத்தகம் கொழும்பிலிருந்து வரும்வரை, பரிசோதகர் பார்த்துத் தற்காலிகச் சான்றிதழ் ஒன்று கொடுக்கலாம். அந்தக் கடதாசி இல்லாமல் ஒரு சென்றியையும், அதாவது படையினரின் சோதனைச் சாவடியையும், தாண்ட முடியாது.

அலுவலக முற்றத்தில், வாவியைப் பார்த்தபடி காரை நிறுத்தி, மூடியைத் திறந்தேன். எஞ்சினில் யப்பான் எழுத்து. அதற்குப் பின்னால், தகரத்தில் ஆணி அறைந்த சின்னஞ்சிறு அலுமினியத் தகடு: இலங்கையில் பொருத்தப்பட்டது.

“இது கொழும்பில பூட்டின கார், போடியார்” என்றேன்.

“எஞ்சின் ஆருட?”

“யப்பான்.”

“ஓடுறது எஞ்சினா, தகரமா தம்பி?”

பக்கத்தில் நின்ற தரகர் சிரித்தார். “சேர், நான் போடியாருக்கு உள்ளதத்தான் சொன்னன். எஞ்சின் யப்பான், தகரம் நம்மட, கதவில இரிக்கிற ஓட்டை ஆமிட. மூணு நாட்டுச் சாமான். ஒரு தகட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு? ரெண்டு ஆணி. ஸ்குரூ டைவரால ஒரு நெம்பு நெம்பினா வாவிக்குள்ள போயிரும் எண்டும் சொன்னன். கேக்கிறாரில்ல.”

“அது கள்ளவேலை” என்றார் போடியார். “தகட்டக் கழட்டி மகளுக்குக் குடுக்க ஏலா. தம்பி கடதாசில யப்பான் எண்டு போட்டா அது சட்டம். சட்டம் வந்தா மறுகா தகடு இரிந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

இதில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. நேர்மையான மனிதர் அவர். தகட்டைத் தொடமாட்டேன் என்றார், என்னை நம்பினார். தரகர் சொன்னபடி அந்த இரண்டு ஆணியைக் கழற்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விதிப்படி நான் செய்ய வேண்டியது, கொழும்புக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பது. அந்த நாட்களில் கடிதம் போக ஒரு மாதம், அங்கே மேசை மாற இரண்டு மாதம். கலியாணத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பேனையை எடுத்தேன். யப்பான் என்று எழுதினேன். கையொப்பம் வைத்து முத்திரை குத்தினேன். முதல் தடவை அல்ல. வேறு சில கார்களுக்கும் இப்படி எழுதியிருக்கிறேன். எவருக்கும் நட்டமில்லாத ஒரு சொல், ஒரு குடும்பத்துக்குச் சந்தோசம் என்பது என் எண்ணம். ஒரு மாலை போடியார் வீட்டிலிருந்து ஒரு சாக்குப் பச்சையரிசி வந்தது. அதே சைக்கிளில் திருப்பியனுப்பினேன். கையூட்டு வாங்கியிருந்தால் என் பிழைக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

கலியாணம் நடந்தது. ஆறேழு மாதம் கார் ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் முடிந்து தேற்றாத்தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த விக்கினேஸ்வரனைக் கடற்கரைச் சாலைச் சோதனைச் சாவடி ஒன்றில் மறித்தார்கள்.

அதற்கு முந்திய கிழமைதான் வேறோர் இடத்தில் கார்க் குண்டு ஒன்று வெடித்திருந்தது. எஞ்சின் ஒன்று, உடல் வேறொன்று என்று ஒட்டுப்போட்ட கார். ஆகவே எல்லாச் சென்றியிலும் மூடியைத் திறந்து பார்க்கும்படி கட்டளை. பார்த்தார்கள். கடதாசியில் யப்பான். தகட்டில் இலங்கை. அந்த நாட்களில் மனிதரிடமும் சென்றியில் கேட்பது அதே கேள்விதான். எந்த ஊர், எங்கே பிறந்தாய், அடையாள அட்டையில் ஏன் வேறு ஊர் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம். காருக்குப் பதில் சொல்ல விக்கினேஸ்வரனுக்குத் தெரியவில்லை. சீதனமாக வந்த கார், மாமாவுக்குத்தான் தெரியும் என்றாராம். காரையும் அவரையும் பட்டணத்துக்கு அருகிலிருந்த படைமுகாமுக்குள் எடுத்தார்கள்.

அன்று பிற்பகலே போடியாரும் மகள் யோகேஸ்வரியும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். யோகேஸ் நாலு மாதக் கர்ப்பிணி. அவள்தான் பேசினாள்.

“சேர், நீங்க ஒரு கடிதம் எழுதித் தாங்க. இந்தச் சொல்லு நான் எழுதினது, பிழையா எழுதிட்டன், காரில ஒரு களவும் இல்ல எண்டு. அது காணும். அதக் கொண்டு வந்தா பாக்கலாம் எண்டு சென்றில இரிந்த பொடியன் சொன்னான்.”

இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். எங்கள் தலைமை எழுதுவினைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எனக்கு இந்தத் தொழிலைப் படிப்பித்தவர் அவர்தான். மேலதிகாரி கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாதே, எழுதினால் பிரதி வை, வாயால் சொன்னது சொல்லாதது. இந்த மூன்றும் அவர் தந்தவை. பல தடவை என்னைக் காப்பாற்றியவை. நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அன்று நடந்ததையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

“கடிதம் குடுக்கப்போறியா?” என்றார், கண்ணாடியைக் கழற்றாமல்.

“ஒரு ஆள் உள்ளுக்கு இரிக்கார், அண்ணே.”

“நீயும் போய்ப் பக்கத்தில இரிக்கப்போறியா? பிழையா எழுதினன் எண்டு ஒப்பம் வச்சா, அடுத்த கேள்வி என்ன? இன்னும் எத்தினை காருக்கு எழுதினாய். அதுக்குப் பதில் வச்சிருக்கியா?”

என்னிடம் பதில் இருந்தது. அதனால்தான் பயந்தேன்.

“கொழும்புக்கு இண்டைக்கே எழுது” என்றார். “ஐயம் இரிக்கி, அறிவுறுத்தல் தாங்க எண்டு கேள். கேட்டிரிக்கன், பதில் வந்ததும் சொல்லுவன் எண்டு ஆமிக்காரனிட்டச் சொல்லு. பொய்யுமில்ல. உன்னில ஒருத்தரும் கைவைக்க ஏலாது.”

அழகான யோசனை. ஒரு சொல்லிலும் குற்றம் காண முடியாது. அதையே மறுநாள் முகாமுக்குக் கொண்டுபோனேன்.

புதன்கிழமை காலை, போடியாரும் யோகேசும் வாசலில் நிற்க, என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். கப்டன் என்னைவிட இளையவர். ஆங்கிலத்தில் பேசினார், மரியாதையாக. கதிரை கொடுத்தார், தேநீர் வந்தது. மேசையில் நான் கொடுத்த சான்றிதழ். சன்னலுக்கு வெளியே வெள்ளைக் கார், மூடி திறந்தபடி.

“என் மாமாவிடம் இதே கார் இருக்கிறது” என்றார். “அவரும் யப்பான் கார் என்றுதான் சொல்லிக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். இது எனக்கு விளங்காத விசயமில்லை. ஆனால் என் புத்தகத்தில் ஒன்றை எழுதினால்தான் ஆளை விடலாம். ஆகவே ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கார் பொய்யா, கடதாசி பொய்யா?”

அந்தக் கேள்வியால் அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார். எனக்கு அது அப்போதே தெரிந்தது. பின்னால் யோசித்துத் தெரிந்துகொண்டது என்று உங்களிடம் சொல்லமாட்டேன். கடதாசி பொய், நான்தான் எழுதினேன் என்ற இரண்டு வசனம் போதும். தேநீர் ஆறுவதற்குள் விக்கினேஸ்வரன் வெளியே வந்திருப்பார்.

நான் சொன்னது இது: “இது விளக்கம் வேண்டப்படும் ஒரு விடயம். தலைமையகத்திடம் எழுத்துமூலம் கேட்கப்பட்டுள்ளது. பதில் கிடைத்ததும் தங்களுக்கு அறிவிக்கப்படும்.”

கேட்கப்பட்டுள்ளது, அறிவிக்கப்படும். கேட்டவனும் அறிவிப்பவனும் இல்லாத வசனங்கள். உண்மையில் அந்தக் கடிதம் அப்போது தட்டச்சுக்கூடச் செய்யப்படவில்லை.

கப்டன் பேனையை எடுத்தார். பிறகு தன் புத்தகத்தில் எழுதினார். தலைகீழாக வாசிப்பதில் எனக்கு நல்ல பழக்கம். பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்.

“நல்லது. அவரும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கட்டும்” என்றார். எழுந்து வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். “நான் வெள்ளிக்கிழமை வரைதான் இங்கே. எனக்குப் பிறகு வருபவர்களுக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.”

வெளியே வரும்போது, முற்றத்துக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகையின் கீழ் நீளமான மர வாங்கு ஒன்றில் விக்கினேஸ்வரன் இருந்தார். அடித்ததாகத் தெரியவில்லை. சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு ஒழுங்காகத்தான் இருந்தார். கலியாண வீட்டில் சந்தித்த என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்று சிரித்தார். வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். நானும் கையை உயர்த்தினேன்.

வாசலில் யோகேஸ் கேட்டாள். “என்ன சேர் சொன்னாங்க?”

“கொழும்புப் பதிலுக்குப் பாத்திட்டிரிக்காங்க, புள்ள. பயப்படாத. ஆள் நல்லா இரிக்கார்.”

அலுவலகத்துக்கு வந்து கடிதத்தைத் தட்டச்சுச் செய்தேன். எனது வேலைக்காலத்தில் நான் எழுதிய கடிதங்களில் அதுவே சிறந்தது. விதியை மேற்கோள் காட்டி, ஐயத்தை மூன்று பந்தியில் விளக்கி, அவசரம் என்று சிவப்பில் கோடிட்டேன். தொலைபேசி இணைப்பு இல்லை. தந்தி ஒன்றும் கொடுத்தேன். கடிதத்தின் பிரதி கோப்பில் ஏறியதும் மனம் சற்று இலேசானது. அந்த இலேசை நம்பாதீர்கள். இத்தனை வருடத்தில் நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது அதுதான். கோப்பில் ஒரு கடதாசி ஏறியதும் வேலை முடிந்ததுபோல் உடம்புக்கு ஓர் ஆறுதல் வரும். உள்ளே இருந்தவர் அந்த நேரமும் வாங்கில்தான் இருந்தார்.

வியாழக்கிழமை பிற்பகல் யோகேஸ் தனியாக வந்தாள். தேற்றாத்தீவிலிருந்து இரண்டு பஸ், நாலு சென்றியில் இறங்கி ஏறி. அவள் அழவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை.

“சேர், ஒண்டு கேக்கட்டா? யப்பான் எண்டு எழுதேக்க கொழும்பக் கேட்டயளா?”

“இல்லப் புள்ள.”

“ரெண்டு நிமிசத்தில எழுதின சொல்லு. ஏன் எழுதினன் எண்டு சொல்லுறதுக்கு மட்டும் ஏன் கொழும்பக் கேக்கிறயள்?”

முற்றத்தில் யாரோ ஒரு மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பற்றவில்லை. அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். போகும்போது, “வாறன் சேர்” என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் அப்போதே எழுந்து முகாமுக்குப் போயிருக்கலாம். இரண்டு மைல். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. எழுதிக் கொடுப்பது என்று முடிவும் செய்துவிட்டேன். ஆனால் எழுதுவதென்றால் அலுவலகக் கடிதத்தாளில் எழுத வேண்டும், முத்திரை வேண்டும். முத்திரை தலைமை எழுதுவினைஞரின் அலுமாரியில். அவர் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். நாளை வெள்ளிக்கிழமைதானே, கப்டன் வெள்ளி வரை இருப்பேன் என்றாரே என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வரை என்றால் வெள்ளி மாலை நாலேகால் வரை. அரசாங்க ஊழியனுக்கு வெள்ளிக்கிழமை முடிவது அப்போதுதான். படைமுகாமில் ஒரு நாள் எத்தனை மணிக்கு முடியும் என்று நான் யோசிக்கவில்லை. நாலேகால் மணிக்கு முடியும் கிழமைகளிலேயே வாழ்ந்து பழகியிருந்தேன்.

வெள்ளி காலை எட்டரைக்குக் கந்தோர் திறந்தது. கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு முத்திரைக்காக நின்றேன். ஒன்பதுக்கு அவர் வந்தார். கடிதத்தை முழுவதும் வாசித்தார். எதிர்க்கவில்லை. அலுமாரியைத் திறந்து முத்திரையை எடுத்து, தானே குத்தினார்.

“பிரதி வச்சியா?” என்று மட்டும் கேட்டார்.

வைத்திருந்தேன்.

பத்து மணிக்கு முகாம் வாசல். வேறு முகங்கள். வேறு தொப்பிகள். முந்திய அணி விடியமுன் நாலு மணிக்கே லொறிகளில் போய்விட்டிருந்தது. புதிய அதிகாரிக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது, தமிழும் வராது. மொழிபெயர்க்க ஒரு சிப்பாய் வந்தான். என் கடிதத்தை வாசித்துச் சொன்னான். அதிகாரி தலையாட்டினார்.

“கடிதம் நல்லது என்கிறார்” என்றான் சிப்பாய். “ஆனால் அந்தப் பெயரில் இங்கே ஆள் இல்லை.”

“செவ்வாய்க்கிழமை பிடித்தார்கள். புதன்கிழமை என் கண்ணால் பார்த்தேன். அந்த வாங்கில் இருந்தார்.”

வாங்கு அங்கேயேதான் இருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புத்தகத்தை முந்தியவர்கள் கொண்டுபோய்விட்டார்களாம். தன்னிடம் ஒப்படைத்த பட்டியலில் ஆட்கள் எவரும் இல்லையாம். கார் ஒன்று இருக்கிறது, உரியவர் வந்தால் கொண்டுபோகலாம் என்றார்.

வெள்ளைக் கார் அதே இடத்தில் நின்றது. மூடியை எவரோ சாத்தியிருந்தார்கள்.

அதன் பிறகு போடியார் போகாத முகாம் இல்லை. அரசாங்க அதிபர், பாதிரியார்மார், செஞ்சிலுவைக்காரர், கொழும்பில் சட்டத்தரணி என்று எல்லோரிடமும் அலைந்தார். கப்டனைத் தேடி இரண்டு கடிதம் நானும் எழுதினேன். வடக்கே வேறொரு முகாமுக்குப் போனவர் அங்கே நடந்த சண்டையில் இறந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். விக்கினேஸ்வரனை விட்டுவிட்டாரா, கையளித்துவிட்டாரா, தன்னோடு கொண்டுபோனாரா என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். காரைப் போடியார் எடுக்கவில்லை. அதை முகாமிலேயே ஓடித் தேய்த்தார்கள்.

என்னை எவரும் விசாரிக்கவில்லை. இன்னும் எத்தனை காருக்கு எழுதினாய் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் பயந்த கேள்வி வரவே இல்லை. வந்திருந்தாலும் ஓர் இடமாற்றமோ, ஒரு வருடச் சம்பள ஏற்ற நிறுத்தமோதான். உள்ளே பிடித்துப்போட்டிருக்கலாம் என்றும் சொல்லலாம். அந்தக் காலத்தில் அதுவும் நடக்கக்கூடியதே. நான் பயந்தது பொய்யல்ல. ஆனால் புதன்கிழமை காலை அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு வரக்கூடியதையும் அவருக்கு வரக்கூடியதையும் நான் தராசில் வைத்துப் பார்க்கவே இல்லை. மனப்பாடமாக இருந்த வசனம் தானாக வாயில் வந்தது. விதிகளை நன்றாகப் படித்தவனுக்கு வரும் ஆபத்து இது. யோசிக்க வேண்டிய இடத்தில் ஒப்புவித்துவிடுவான். உங்களிடம் ஒருவர், ஆள் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டால், முதலில் உண்மையை வாயால் சொல்லுங்கள். கடிதத்தைப் பிறகு எழுதலாம். முத்திரை அதற்குப் பிறகு.

யோகேசுக்கு மகள் பிறந்தாள். பிள்ளைக்கு ஆறு மாதமானதும் யோகேஸ் மாதத்தில் ஒரு நாள் கந்தோருக்கு வரத் தொடங்கினாள். இடுப்பில் பிள்ளை, கையில் குடை. என் மேசைக்கு முன்னால் நின்று ஒரே கேள்வி.

“கொழும்பில இரிந்து பதில் வந்ததா சேர்?”

புருசனை விடாமல் வைத்திருப்பது அந்தப் பதில் வராததால்தான் என்று அவள் நம்பினாள். அப்படிச் சொல்லிவைத்தவனே நான்தான். அந்தக் கடிதத்துக்கும் இனி ஒன்றுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் போன பிறகு கொழும்புக்கு நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். கோப்பு தடித்தது. ஊரில் உறவுக்காரர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எவ்வளவு காலம் பொட்டோடு திரிவாய், அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய், ஆத்துமா அலையும் என்று. போடியாரே ஒரு நாள் அதைச் சொன்னாராம். எல்லோருக்கும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். “கொழும்புப் பதில் வரட்டும். மறுகா பாப்பம்.”

மூன்றாம் வருடம் அது வந்தது. ஒரு தாள், இரண்டு வசனம். ‘உற்பத்தி நாடு’ என்னும் கட்டம் புதிய படிவத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளமையால், தங்கள் கடிதத்தில் எழுப்பப்பட்டுள்ள ஐயம் இனி எழமாட்டாது. இவ்விடயம் தொடர்பான கோப்பை முடிவுறுத்தவும்.

அந்த மாதம் யோகேஸ் வந்தபோது கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள். பிள்ளை தாளை இழுத்தது. அதன் கையை மெல்ல விலக்கிவிட்டு, “அப்ப யப்பானும் இல்ல, இலங்கையும் இல்ல” என்றாள்.

“ஓம், புள்ள.”

“இனி வேற பதில் ஒண்டும் வராதா சேர்?”

“வராது.”

நான் அப்போதுதான் எழுந்து நின்றேன். அவளிடம் மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். புதன்கிழமை கப்டன் என்னிடம் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், வியாழக்கிழமை ஏன் போகவில்லை, எல்லாம். அலுவலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் யோகேஸ் கடிதத்தைத் திருப்பித் தந்தாள்.

“இத நான் வச்சிரிக்க ஏலாது. கந்தோர்ச் சாமான்” என்றாள். “ஆனா எனக்கு ஒரு தேதி வேணும். அவர் எண்டைக்கு என்ன ஆனார் எண்டு ஆருக்கும் தெரியா. தெவசம் செய்யிறதுக்குத் திதி கேக்கிறார் ஐயர். நான் என்னத்தச் சொல்ல? இது வந்த நாளச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவர் இரிந்தார் எண்டுதான் நான் இரிந்தன்.”

கடிதத்தின் மூலையில் எங்கள் வரவு முத்திரை இருந்தது. அதிலிருந்த தேதியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைக் கணித்தார். தேற்றாத்தீவில் அந்த வீட்டில் இன்றும் விக்கினேஸ்வரனுக்குத் திவசம் நடப்பது அந்தத் திதியில்தான்: கார்த்திகை மாதம், தேய்பிறை, சஷ்டி.